செங்கல் மேல் நின்ற வண்டி

கோவில்பட்டியில் ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே, தீப்பெட்டி ஆபீஸ் சுவரை ஒட்டிப் போகிற எங்கள் தெருவில், நாலு சக்கரமும் இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்ற ஒரு கார் எங்களையெல்லாம் தினமும் மத்தியானம் கோத்தகிரி மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டது என்று நான் சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு இன்னொரு ஆளுக்கு இடமிருக்குமா என்று கேட்பார்கள். சிரிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நான் மாவு மில் நடத்துகிறவள், பெயர் சண்முகத்தாய், நாள் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகினவள், பொய் சொல்வதாக இருந்தால் இவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டேன். இடமிருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு முதலிலிருந்து சொல்வேன்.

கார் டிரில் சாருடையது. பாக்கியதுரை என்று பெயர். ஹைஸ்கூலில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைத்து லெஃப்ட் ரைட் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவர், பென்ஷன் வந்த பிறகும் கழுத்தில் விசில் கயிறு இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகாதவர். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போன ஒரு டாக்டரிடமிருந்து அந்த வெளிர்நீலக் காரை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார், அன்றிலிருந்து அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம், நின்றபோதெல்லாம் தள்ளியது நாங்கள். மெக்கானிக்கிடம் விடுங்கள் சார் என்றால், வீட்டுச் சாப்பாடு இருக்கும்போது எவனாவது ஹோட்டலுக்குப் போவானா என்பார். அவருக்கு எஞ்சின் வேலை தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது, அதனால் பயமில்லாமல் செய்வார்.

அவருக்கு ஒரே மகள், ஹெப்சிபா, எங்களுக்கெல்லாம் ஹெப்சி. கோத்தகிரியில் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளையைச் சர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு என் வண்டியில்தான் கூட்டிப் போவேன் என்று சார் ஒற்றைக்காலில் நின்று, பூவெல்லாம் சுற்றி ஜோடித்து ஓட்டிக்கொண்டு வந்தார், அது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றது, கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். ஹெப்சிக்கு அவமானம் தாங்கவில்லை. மண்டப வாசலில் வைத்து, இந்தத் தகரத்தை எடைக்குப் போட்டுட்டு வந்து என் வீட்டுப் படி ஏறுங்கப்பா என்றாள். சாருக்கு மீசை துடித்தது. இதே தகரத்துல வந்து உன் வாசல்ல ஹாரன் அடிப்பேன், அன்னைக்குத்தான் படி ஏறுவேன் என்றார். அப்போ வரவே மாட்டேன்னு சொல்லுங்க என்றாள் அவள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

கல்யாணத்தில் சண்டை வராத வீடு எது, நாலு மாதத்தில் ஆறிவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஹெப்சி முழுகாமல் இருந்தபோது அது முற்றிப்போனது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் மகளை அழைத்துவர வேண்டும், அழைக்காமல் எந்தப் பொண்ணும் பிறந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டாள். அடுத்த மாசம் வண்டி ரெடி, வண்டியிலேயே போய்க் கூட்டிட்டு வந்துருவேன் என்று சார் மாதா மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் ஜெபக்கனி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நான் மட்டும் பஸ்ஸில் வருகிறேன் என்று மகளுக்குப் போன் போட்டாள். வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கம்மா, இல்லேன்னா யாரும் வர வேண்டாம் என்று ஹெப்சி போனை வைத்துவிட்டாள், அப்புறம் எடுக்கவேயில்லை. குழந்தை கோத்தகிரியிலேயே பிறந்தது. பெண் குழந்தை என்பதைக்கூட மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர் கடைத்தெருவில் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரியும். இனி அந்த வண்டி மலையேறினால்தான் பேத்தி முகத்தைப் பார்க்க முடியும் என்று ஆகிப்போனது.

அதற்குப் பிறகு சார் விளையாட்டாக ரிப்பேர் பார்க்கவில்லை. வாசலில் நின்ற புங்கமரக் கிளையில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கித் தொங்கவிட்டார், டயர் கெட்டுப்போகக்கூடாது என்று சக்கரங்களைக் கழற்றிவிட்டு வண்டியைச் செங்கல் மேல் உட்காரவைத்தார். கழற்றிய சக்கரத்தில் ஒன்று காற்றில் பறக்கிற என் மில் கூரைத் தகட்டுக்குப் பாரமாக மேலே ஏறியது, ஒன்றில் ஆட்டோக்காரச் சீனிச்சாமி தன் ஆட்டைக் கட்டினான், மற்ற இரண்டும் யார் யார் வீட்டுக்கோ போயின. எஞ்சினைப் பிரித்த சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறவைக்கப் பாத்திரம் வேண்டும், எடுத்த வரிசை மாறாமல் வைக்க இடம் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து அவர் கண்ணில் பட்டது அக்காவின் இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு வால்வு, அதன் பக்கத்திலேயே அதன் ஸ்பிரிங், அதன் வாஷர் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து இட்லி ஊற்றப்போன ஜெபக்கனி அக்கா அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து இட்லி அவித்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டு இட்லியில் மண்ணெண்ணெய் வாடை வீசியது, அதற்கப்புறம் குழம்பிலும் வீசியது, எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினால் நான் ஆட்டுக்குத்தான் வைப்பேன், ஆடும் யோசித்துத்தான் சாப்பிடும்.

கொட்டிக் கலந்ததை யோசித்து யோசித்துத் திரும்பப் பூட்டி, எஞ்சினை உள்ளே இறக்கி முடித்தபோது ஒரே ஒரு ஸ்பிரிங் குறைந்தது. சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் அணையாமல் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டாம், அந்த ஸ்க்ரூ நடுக்கத்தில் தானாகச் சுழன்று தளர்ந்துவிடாமல் பிடித்துவைப்பது அந்த ஸ்பிரிங் வேலையாம். அது இல்லாவிட்டால் ஒரு ஆள் பானெட்டைத் திறந்து, திருப்புளியை ஸ்க்ரூவில் வைத்து, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் எஞ்சின் விக்கி விக்கி அணைந்துபோகும். இப்படிப்பட்ட வண்டியை ரோட்டில் எப்படி ஓட்டுவது, மலை எப்படி ஏறுவது.

ஆனாலும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா. கரிசல் மண் வெடிக்கிற வெயிலில், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், சார் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஓடிப்போய்த் திருப்புளியை வைத்துப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் பிடித்தது. எவ்வளவு மெதுவாக, எவ்வளவு ஒரே சீராக ஓடியது தெரியுமா, தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் சார் இடது கையால் விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். அந்த விசில் முடிவதற்குள் எங்கள் தெரு தூங்கிவிட்டது. நான் மாவுக்குள் கையை விட்டபடியே தூங்கினேன், சீனிச்சாமி ஆட்டோவுக்குள், தீப்பெட்டி ஆபீஸ் பொண்ணுகள் குச்சி அடுக்கின சட்டத்தின் மேல் தலையை வைத்து, ஜெபக்கனி அக்கா வண்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில்.

தூங்கியதும் நாங்கள் வண்டிக்குள் இருந்தோம். அத்தனை பேரும் இருந்தோம், யாரும் யார் மடியிலும் உட்காரவில்லை, வண்டி அதே வண்டிதான், சீட்டுக் கிழிசலும் அதே கிழிசல்தான், ஆனால் ஏற ஏற இடம் இருந்தது. டிரைவர் சீட் மட்டும் காலி. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது, அது எங்களில் ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு போனோம், மதுரை போனது, திண்டுக்கல் போனது, பாக்குமரத் தோப்பெல்லாம் போனது, பிறகு காற்று குளிர்ந்தது, வளைவு வளைவாக ஏறி, பனிக்குள் புகுந்து, தேயிலைச் சரிவுக்கு நடுவில் ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்றது. கதவைத் திறந்துகொண்டு இடுப்பில் பிள்ளையோடு ஹெப்சி வந்தாள். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டவளாகத் தெரியவில்லை, எல்லாரும் உள்ளே வாங்க என்றாள். அம்மாவைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, அப்பா வண்டியிலதானே வந்திருக்கீங்க, அப்ப சரி என்று பிள்ளையைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தாள்.

சார் கை கடுத்து எடுத்ததும் எஞ்சின் அணைந்தது, நாங்கள் அவரவர் இடத்தில் கண் விழித்தோம். கனவென்றால் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். என் கையில் மாவுக்குப் பதிலாகக் குளிர் இருந்தது, விரல் விறைத்துப்போயிருந்தது. சீனிச்சாமியின் சட்டைப்பையில் தேயிலைக் கொழுந்து இருந்தது. எல்லாரும் தெருவில் வந்து நின்று ஒருவரையொருவர் பார்த்தோம், பிறகு சாரைப் பார்த்தோம், அவர் எஞ்சின் நல்லா ஓடுதுல்ல என்று கேட்டார். நல்லா ஓடுது சார் என்றோம், வேறென்ன சொல்ல.

மறுநாளும் ஓட்டினார், மறுநாளும் போனோம். ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது, மனுஷனுக்கு எதுதான் பழகாது. மத்தியானம் கோவில்பட்டி வெயிலில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டு, மங்கிக் குல்லா மாட்டி, காலில் செருப்போடு பாயில் படுப்பதைப் பார்த்து அடுத்த தெருக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மலைப்பாதையில் வாந்தி வருகிறது என்று மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்தோம், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினோம். கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு படுத்தால் வெறுங்கையோடு எழுந்திருப்போம், பொட்டலம் ஹெப்சி வீட்டு அலமாரியில் இருக்கும். பால்காரர் நேரத்தை மாற்றிக்கொண்டார், தீப்பெட்டி ஆபீஸில் அந்த நேரத்துக்கு இடைவேளை விட்டார்கள், மத்தியானம் தூங்குவது பாவமா என்று ஒரு பொண்ணு பாஸ்டரிடம் கேட்டதற்கு, அவர் யோசித்து, பிரயாணம் பாவமில்லை என்று சொல்லிவிட்டார். ஜன்னல் சீட்டுக்கு முதலில் சண்டை வந்தது, சண்டை போட்டுக்கொண்டு படுத்தால் தூக்கம் வருவதில்லை என்பதால் அதுவும் நின்றது. சொல்லப்போனால் அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் யாரும் யாரோடும் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருவருக்கு மட்டும் டிக்கெட் இல்லை. சார் தூங்க முடியாது, அவர் கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். விசில் ஊதி எங்களை அனுப்பிவைத்துவிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட, கொதிக்கிற எஞ்சினுக்கு மேல் குனிந்து ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் எங்கே போகிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கேயோ குளுகுளுன்னு இருக்குது சார் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். பசித்தவன் முன்னால் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது. அவரும் கேட்கவில்லை.

இரக்கப்பட்டு ஒருநாள் சீனிச்சாமி, விசிலுக்குத் தூங்கிவிடாமல் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்று, நான் பிடிக்கிறேன் சார், நீங்க கொஞ்சம் படுங்க என்று திருப்புளியை வாங்கினான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன், வேலை தெரிந்த கை, ஆனால் அந்த எஞ்சினுக்கு அவர் கைதான் பழக்கம். சார் கண்ணை மூடுவதற்குள் அது இரண்டு தரம் விக்கி அணைந்தது. நாங்கள் அப்போது மலையில் பாதி ஏறியிருந்தோம், இன்னும் போய்ச்சேராததாலோ என்னவோ விழிப்பு வரவில்லை, வண்டி மட்டும் காலுக்குக் கீழேயிருந்து மறைந்தது, ஒரு வளைவில் அத்தனை பேரும் நடுரோட்டில் நின்றோம், என் வலது செருப்பு வார் அறுந்து எங்கேயோ போய்விட்டது. இங்கே சார் பதறியடித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுகிற வரைக்கும் நாங்கள் பனியில் கீழ்நோக்கி நடந்தோம். விழித்தபோது எல்லார் காலிலும் கொப்புளம், என் காலில் ஒற்றைச் செருப்பு. அதற்குப் பிறகு சார் திருப்புளியை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை.

அந்த ஸ்பிரிங் மட்டும் கிடைத்துவிட்டால் எஞ்சின் அணையாமல் தன்னாலே ஓடும், சக்கரத்தை மாட்டிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தக் காலத்துக் கார்புரேட்டர், அதற்குச் சாமான் இப்போது வருவதில்லை என்று மதுரைக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நாங்களும் உதவினோம். ஐயோ, எவ்வளவு உதவினோம் தெரியுமா! பேனா ஸ்பிரிங், டார்ச் லைட் ஸ்பிரிங், துணி கிளிப் ஸ்பிரிங், நான் என் மில் மிஷினிலிருந்தே ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். பொருந்தவே பொருந்தாது என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தோம். பொருந்திவிட்டால் வண்டி ரோட்டில் ஓடுகிற வெறும் வண்டியாகிவிடும், மத்தியானம் வெறும் மத்தியானமாகிவிடும் என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் பயம். எனக்கு அந்த மலையில் யாருமில்லை, ஆனாலும் வேளாவேளைக்கு என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்க ஒரு பிள்ளை அங்கே இருந்தது. சார் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் வாங்கி, மாட்டிப் பார்த்து, பரவாயில்லம்மா என்று ஒரு டம்ளரில் போட்டுவைத்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. அரைத்த மாவைக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனவள், விசில் சத்தம் கேட்டு அங்கேயே மரத்தடியில் சாய்ந்து தூங்கிவிட்டேன். எஞ்சின் அணைந்து கண் விழித்தபோது, கட்டிலில் ஜெபக்கனி அக்காவும் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் சேலையில் பிள்ளை கக்கிய பால் ஈரமாக இருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடப்போனாள். கையில் திருப்புளியோடு நின்ற சார் அதைப் பார்த்தார், அவள் பக்கத்தில் வந்து குனிந்து அந்த வாசனையை மோந்தார்.

"பல்லு முளைச்சிருச்சா கனி?" என்று கேட்டார்.

அக்கா மூடப்போன முந்தானையை விட்டாள். "கீழே ரெண்டு" என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போய், அடுக்களையிலிருந்து மல்லி டப்பாவைக் கொண்டுவந்து, முறத்தில் கவிழ்த்தாள். மல்லி விதை சிதறி உருண்டது, அதற்கு நடுவில் எண்ணெய்க் கறுப்போடு அந்தச் சின்ன ஸ்பிரிங் கிடந்தது. இட்லித் தட்டைக் கவிழ்த்த அன்று தெறித்து விழுந்தது, மல்லி வறுக்க எடுக்கும்போது கையில் பட்டது, பட்ட அன்றைக்கே அவள் கொடுத்திருக்கலாம். அதற்குள் மத்தியானம் பேத்தியை மடியில் போட்டுத் தாலாட்டப் பழகியிருந்தாள்.

"இது எப்பவோ கிடைச்சிருச்சுங்க" என்றாள்.

சார் ஸ்பிரிங்கை எடுத்து மோந்து பார்த்தார். "தெரியும். தினமும் குழம்புல சொல்லிக்கிட்டுத்தானே இருந்தே."

"தெரிஞ்சா ஏன் கேக்கலை?"

"நீ போயிட்டு வந்துக்கிட்டு இருந்தியே கனி" என்றார் அவர்.

நான் அங்கே இருக்கக்கூடாது என்று தெரிந்தும் கால் நகரவில்லை. மண்ணெண்ணெய்க் குழம்பை மாதக்கணக்கில் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன், டப்பாவைத் திறந்தால் வண்டி ரெடி என்று தெரிந்தே எஞ்சின் சூட்டில் நின்றிருக்கிறார். அக்கா அழுதாள், நானும் அழுதேன், அழுதுகொண்டே மாவுப் பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்பிரிங்கை மாட்டினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, அவர் திருப்புளியை எடுத்தார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார், எஞ்சின் தன்பாட்டுக்கு அணையாமல் ஓடியது. ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் படுத்திருந்த எங்களில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரம் புரண்டு பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தோம். அன்றைக்குத் தெருவில் யாரும் யாரோடும் பேசவில்லை, ஒரு சாவு வீடு மாதிரி இருந்தது, ஜெபக்கனி அக்காவை முறைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சாயங்காலம் சீனிச்சாமிதான் முதலில் ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்தான். அதைப் பார்த்து நான் கூரையேறினேன். கொடுக்காவிட்டால் நான் மனுஷியா? இருட்டுவதற்குள் நாலு சக்கரமும் வந்து சேர்ந்தன, செங்கல்லை உருவியதும் வண்டி தரையில் இறங்கி ஒரு பெருமூச்சு விட்டது.

ஜெபக்கனி அக்கா புளிச்சாதம் கிளறிக் கட்டுச்சோறு கட்டினாள். தலைப்பிரசவம் முடிந்து பிள்ளைக்குப் பல்லே முளைத்துவிட்டது, இப்போது எதற்கு என்று கேட்டால், முறை முறைதான் என்றாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள், இரண்டு குடம் தண்ணீரோடு நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். விடியுமுன்னே தெரு மொத்தமும் எழுந்து வந்து நின்றது. சார் இந்தத் தடவை டிரைவர் சீட்டில் இருந்தார். மதுரை போனது, திண்டுக்கல் போனது, பாக்குமரத் தோப்பு போனது, எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்த இடம்தான், ஆனால் இப்போது இடுப்பு வலித்தது, ஊர் தவறாமல் வண்டி கொதித்தது, நான் இறங்கித் தண்ணீர் ஊற்றினேன், எருமையைப் பார்த்தாலும் சைக்கிளைப் பார்த்தாலும் சார் ஹாரன் அடித்து அடித்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது, எஞ்சின் முக்கி முனகி ஒவ்வொரு வளைவாகத் திரும்ப, அக்கா வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் சார் தானாக வண்டியை ஓரங்கட்டினார். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரின் மேல், பனியில் நனைந்து, வார் அறுந்த என் வலது செருப்பு இருந்தது. இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன், சார் வண்டியை மறுபடி எடுத்தார்.

தேயிலைச் சரிவுக்கு நடுவில் அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, எங்கள் தெரு வழக்கமாகத் தூங்குகிற நேரம்தான். எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஹாரனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார், ஓங்கிக் குத்தினார், வழி முழுக்க எருமைகளை மிரட்டின ஹாரன் அங்கே வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். கடைசியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கழுத்துக் கயிற்றிலிருந்து விசிலை எடுத்து, தினமும் எங்களை அனுப்பிவைக்கும்போது ஊதுகிற அதே நீள ஊதலை ஊதினார்.

கதவு திறந்தது. முதலில் வந்தது பிள்ளை, தவழ்ந்துகொண்டு, அந்தச் சத்தம் வந்தால் ஆள் வரும் என்று தெரிந்த பிள்ளை. பின்னாலேயே ஹெப்சி வந்தாள். என்னைப் பார்த்ததும், செருப்பு கிடைச்சுதா சித்தி என்று கேட்டாள். கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினேன். அதற்குள் அவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

சார் இறங்கி வந்து படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"தெருவே வந்துட்டுப் போயிருச்சுப்பா" என்றாள் ஹெப்சி. "நீங்க ஒருத்தர்தான் வரலை."

"யாராவது ஒருத்தர் ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்லம்மா" என்றார் சார். பிறகு, பிடிவாதக்கார மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "ஹாரன் அடிக்கலை" என்றார்.

அவள் இறங்கி வந்து அவர் வலது கையை எடுத்துப் பார்த்தாள். திருப்புளிப் பிடி அழுந்தி அழுந்தி உள்ளங்கையில் ஒரு காய்ப்புக் காய்த்திருந்தது. "படி ஏறுங்கப்பா" என்றாள்.

கட்டுச்சோற்றை அவிழ்த்து அக்காவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், நடுவில் அழுதார்கள். சார் பிள்ளையை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார், பிள்ளையும் தூங்கிவிட்டது. இத்தனை மாதத் தூக்கம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். வெளியே வண்டியை அணைக்க எல்லாரும் மறந்துபோயிருந்தோம், அது பனிக்குள் மெதுவாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஊரில் எல்லாரும் கவலையோடு இருப்பார்களே என்று நான் வாசலில் வந்து நின்று சீனிச்சாமிக்குப் போன் போட்டேன். பத்திரமாக வந்து சேர்ந்துட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் மதினி" என்றான் அவன். "சார் இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போறார். பேத்தியையும் தூக்கிட்டு வந்து வீடு வீடாக் காட்டினார். தெருவுல இறக்கிவிட்டு, ரெண்டு கையையும் பிடிச்சு, லெஃப்ட் ரைட் சொல்லி நடக்க வச்சுக் காட்டினார்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். நாற்காலியில் சார் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், மார்பில் பிள்ளை அசையாமல் தூங்கியது. துணி விலகியிருந்தது, போர்த்திவிடலாம் என்று குனிந்தேன். சிவப்பு மண் மலையில் பிறந்து அந்த மலையைவிட்டு இறங்காத பிள்ளை, அதன் இரண்டு உள்ளங்காலிலும் எங்கள் தெருக் கரிசல் மண் ஒட்டியிருந்தது.